கணக்கும் அமானிதமும்: மலாக்காவின் பழைய ஏட்டிலிருந்து பேராசிரியர் இருக்கை வரை

ஒரு சங்கத்துக்கு ஐம்பது வயதாகும்போது அதன் தலைவர்களைப் பற்றியும், செயலாளர்களைப் பற்றியும், கட்டடம் எழுந்த கதையைப் பற்றியும் மலரில் எழுதுவது வழக்கம். பொருளாளரைப் பற்றி எழுதுவது குறைவு. ஆண்டுக் கூட்டத்தில் அவர் எழுந்து வரவு செலவு வாசிப்பார், ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், அதோடு முடிந்துவிடும். ஆனால் ஐம்பது ஆண்டுகள் ஒரு சங்கம் உடையாமல் நிற்கிறது என்றால் அதற்கு முதல் காரணம் அதன் கணக்கு நேராக இருந்தது என்பதுதான். கணக்கில் சந்தேகம் வந்த சங்கம் எதுவும் ஐந்தாண்டுகூடத் தாக்குப்பிடித்ததை நாம் கண்டதில்லை.

ஆகவே இந்தப் பொன்விழா மலரில் கணக்கு எழுதியவர்களின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். இது மலாக்கா துறைமுகத்தில் தொடங்கி, தோட்டங்களின் வழியாக நடந்து, ஒரு தமிழர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியராக அமர்ந்தது வரை செல்லும் கதை. வழி நெடுக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: கணக்கில் யாருடைய பங்கு எழுதப்பட்டது, யாருடைய பங்கு விடுபட்டது?

மலாக்காவின் பழைய ஏடு

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்த்துகீசியரான தோமே பிரெஸ், இங்கே நான்கு ஷாபந்தர்கள் இருந்ததாக எழுதினார். அவர்களில் ஒருவரின் பொறுப்பில் இருந்தவர்கள் கலிங்கர், வங்காளத்தார், பெகுவினர், பாசையினர். கலிங்கர் என்று அந்நாளில் அழைக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர்கள். அவர்களில் இந்துக்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள்.

1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய பிறகு அவர்களோடு கூட்டு வணிகம் செய்த நைனா சாத்து என்ற தமிழ் வணிகரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. பெகு நாட்டுக்குக் கப்பல் அனுப்பியபோது முதலீட்டில் பாதி போர்த்துகல் அரசருடையது, பாதி நைனா சாத்துவுடையது. அந்தப் பயணங்களின் செலவையும் சரக்கையும் பெரோ பைஸ் என்ற போர்த்துகீசிய அலுவலர் 1512 முதல் 1515 வரை எழுதிவைத்தார். அந்த ஏடு அழியாமல் கிடைத்து, இருபதாம் நூற்றாண்டில் லூயிஸ் பிலிப் தோமாஸ் என்ற வரலாற்றாசிரியரால் அச்சில் வந்தது. மலாக்காத் தமிழ் வணிகர் ஒருவரின் பங்கு எழுத்தில் நிற்கும் மிகப் பழைய கணக்குகளில் ஒன்று அது. கணக்கியல் பாடப் புத்தகங்கள் தங்கள் வரலாற்றை 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி அச்சிட்ட நூலிலிருந்து தொடங்கும். பெகு கப்பலின் கணக்கு அதற்கு இருபது ஆண்டுகூடப் பிந்தியதல்ல.

நைனா சாத்துவின் பங்கு ஏன் நமக்குத் தெரிகிறது? கூட்டாளிகள் இருவரும் வேறு மொழி, வேறு மதம், வேறு நாடு. வாய்ச்சொல்லை நம்பி மட்டும் பாதிப் பாதி என்று சரக்கைப் பிரிக்க முடியாது. அதனால் எழுதினார்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவில் படித்திருப்பார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. தவணை குறித்து எழுதவேண்டும், எழுதத் தெரிந்தவர் மறுக்கக் கூடாது, சாட்சி வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. தொழுகையும் நோன்பும் கற்பித்த மார்க்கம் கணக்கு எழுதவும் கற்பித்தது.

மலாய் மொழியில் முதலீட்டுக்கு இன்றும் ‘மோடல்’ என்கிறார்கள். அது நம் ‘முதல்’ என்ற சொல். கடைக்குச் சொல்லும் ‘கெடாய்’ நம் ‘கடை’. கப்பலும் பெட்டியும்கூட அப்படியே போயின. வணிகர்கள் சரக்கோடு சேர்த்துக் கணக்குச் சொல்லையும் இறக்கினார்கள். தங்கத்தட்டார் தெருவில் 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், அதே தெருவில் 1781-ஆம் ஆண்டைச் சேர்ந்த பொய்யாத விநாயகர் ஆலயமும் அந்த வணிகர்கள் விட்டுச்சென்ற கல் சான்றுகள்.

ஐந்தொகையும் 555 புத்தகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் மலாயாவுக்கு வட்டித் தொழிலோடு வந்தார்கள். வட்டி நமக்கு விலக்கப்பட்டது. அந்தத் தொழிலில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்களுடைய கணக்கு முறையை மதிக்காமல் இருக்க முடியாது. அன்றாட நடப்பு குறிப்பேட்டில் ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். காலம் முடிந்ததும் சொத்து, கடன், வரவு, செலவு எல்லாவற்றையும் தொகுத்து ஐந்தொகை போடுவார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு முதலாளியின் ஏஜெண்டாகக் கப்பலேறுவான். தவணை முடிந்து ஊர் திரும்பும்போது ஐந்தொகையை முதலாளி முன் வைத்தாக வேண்டும். இலங்கையின் தமிழ்ப் பள்ளிப் புத்தகங்களிலும் இருப்புநிலைக் குறிப்பு ‘ஐந்தொகை’ என்று அழைக்கப்பட்டது.

நம்மவர்கள் செய்தது வேறு வணிகம். நாகூர், நாகப்பட்டினம், தொண்டி, கடையநல்லூர் என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் மளிகைக் கடையும், துணிக்கடையும், உணவுக்கடையும், ஒட்டுக்கடையும் நடத்தினார்கள். தோட்டத்து ஓரத்துக் கடைக்காரருக்குப் பெரிய பேரேடு தேவையில்லை. சட்டைப் பைக்குள் அடங்கும் 555 புத்தகம் போதும். அரிசி இரண்டு காந்தாங், மண்ணெண்ணெய் ஒரு போத்தல், தேதி, தொகை. சம்பள நாளில் ஆள் வந்து கொடுத்ததும் கோடு இழுத்து அடித்துவிடுவார்கள். பெரும்பாலும் இரண்டு புத்தகம் இருக்கும். கடையில் ஒன்று, வாங்குபவர் கையில் ஒன்று. இரண்டிலும் ஒரே எழுத்து இருந்தால் சண்டை வராது.

இந்த இரட்டைப் புத்தகம் சிறிய விஷயமல்ல. வாங்கியவரும் தன் கணக்கைத் தானே பார்க்கலாம் என்ற உரிமை அதில் இருந்தது. இந்த உரிமை தோட்டத்தின் பெரிய கணக்கில் இருந்ததா என்பதை அடுத்துப் பார்ப்போம்.

பிரட்டும் செக்ரோலும்

மலாயாவில் வணிக அளவிலான முதல் ரப்பர்த் தோட்டம் நம் மாநிலத்தில்தான் பிறந்தது. 1896-இல் தான் சாய் யான் என்ற மலாக்காச் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார்; பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் விரித்தார். சில ஆண்டுகளில் அது லண்டன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டம் தோட்டமாகக் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுப்பது 1910-இல் நிறுத்தப்பட்டபின் கங்காணி முறையே மேலோங்கியது.

தோட்டத்தின் கணக்கு விடியற்காலைப் பிரட்டில் தொடங்கும். தண்டல் பெயர் கூப்பிடுவார். கிராணி செக்ரோலில் குறிப்பார். வெட்டிய பால் எவ்வளவு, எத்தனை நாள் வேலை, முன்பணம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் ஏறும். கிராணிகளில் பலர் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும். செக்ரோல் ஆங்கிலத்தில் இருக்கும். மாதம் முடிந்து அலுவலகத்தில் தொகையாகி, நிறுவனத்தின் ஆண்டறிக்கையாகி லண்டன் பங்குதாரர் கைக்குப் போகும். அந்த அறிக்கையில் எத்தனை ஏக்கர், எத்தனை ராத்தல் ரப்பர், ஒரு ராத்தலுக்கு என்ன செலவு என்பது இருக்கும். மரம் வெட்டியவர் ‘கூலிச் செலவு’ என்ற ஒரு வரிக்குள் இருப்பார். தன் பெயர் செக்ரோலில் சரியாக எழுதப்பட்டதா என்பதைக்கூடப் படித்துப் பார்க்க முடியாதவர்கள் அவர்களில் மிகப் பலர்.

கங்காணியிடமும் கடையிலும் அவர்களுக்கு இருந்தது பெரும்பாலும் பற்றுக் கணக்கு. அவர்கள் யாருக்கோ கொடுக்கவேண்டியவர்கள். இந்த நிலையை மாற்றிய ஒரு சட்டத்தைக் கணக்கு வரலாற்றில் குறிப்பிடாமல் போகக்கூடாது. 1951-இல் ஊழியர் சேமநிதி தொடங்கியது. தோட்டத் தொழிலாளியின் பெயரில், அவருக்குக் கொடுக்கப்படவேண்டிய தொகையாக, ஒரு தனிக் கணக்கு எழுதப்பட்டது. பற்றுப் பக்கத்தில் மட்டும் இருந்த பெயர் வரவுப் பக்கத்துக்கும் வந்தது. தோட்டம் விற்கப்பட்டு லயன் வீட்டைக் காலி செய்த குடும்பங்கள் பட்டணத்தில் குடியேறும்போது பலருக்குக் கையில் இருந்த ஒரே முதல் அந்தச் சேமநிதிப் பணம்தான் என்பதை நாம் அறிவோம்.

புதுவயலிலிருந்து எவன்ஸ்டன் வரை

கணக்கு எழுதுவது ஒரு வேலை. கணக்கை ஏன் இப்படி எழுதவேண்டும், இப்படி எழுதினால் யாருக்கு நன்மை, யாருக்கு நட்டம் என்று ஆராய்வது வேறொரு வேலை. அதைச் செய்பவரைத்தான் கணக்கியல் பேராசிரியர் என்கிறோம். அந்த வேலையில் உலகப் பெயர் பெற்ற தமிழர் பேராசிரியர் பாலா வி. பாலச்சந்திரன்.

அவர் 1937-இல் காரைக்குடிக்கு அருகிலுள்ள புதுவயலில் பிறந்தார். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஐந்தொகை தெரிந்த ஏஜெண்டுகளை அனுப்பிய செட்டிநாட்டு மண் அது. அவர் படித்தது கணக்கியல் அல்ல, புள்ளியியல். 1960-இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். 1967-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டேட்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பொறியியல் மேலாண்மை படித்தார். பிறகு பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1973-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், பின்னாளில் கெல்லாக் என்று பெயர் பெற்ற மேலாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயே கணக்கியல் துறைத் தலைவராகவும், கணக்கியல் ஆய்வு மையத்தின் இயக்குநராகவும், சிறப்புப் பேராசிரியராகவும் பல பத்தாண்டுகள் பணியாற்றினார்.

கணக்குப்பிள்ளையாக வளராமல் புள்ளியியல் வழியாக வந்தது அவருடைய ஆய்வில் தெரியும். ‘விதி இப்படிச் சொல்கிறது, இப்படி எழுது’ என்பதோடு அவர் நிற்கவில்லை. விதியை மாற்றினால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று கணிதத்தால் கேட்டார்.

2001-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. குர்கானின் எம்.டி.ஐ., ஹைதராபாத்தின் ஐ.எஸ்.பி. ஆகிய மேலாண்மைக் கல்லூரிகளின் தொடக்க முயற்சிகளில் பங்கேற்றவர், 2004-இல் சென்னையில் கிரேட் லேக்ஸ் மேலாண்மைக் கல்லூரியை நிறுவினார். பிறகு அது மாமல்லபுரத்துக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தன் வளாகத்தை அமைத்துக்கொண்டது. மாணவர்கள் அவரை ‘அங்கிள் பாலா’ என்றே அழைத்தார்கள். 2021 செப்டம்பரில் அவர் காலமானார்.

ஒரு லாரி, இரண்டு கடை

அவருடைய ஆய்வில் ஒன்றை மட்டும் நம் கடைக்காரர்களுக்குப் புரியும்படி சொல்ல முயல்கிறோம். ராம் டி. எஸ். ராமகிருஷ்ணனுடன் சேர்ந்து 1981-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கூட்டாகச் செய்த செலவை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பற்றியது. கேட்க எளிது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஜாசினில் ஒரு மளிகைக் கடை, மலாக்கா பட்டணத்தில் ஒரு துணிக்கடை. இரண்டுக்கும் கோலாலம்பூரிலிருந்து சரக்கு வரவேண்டும். மளிகைக் கடை தனியாக லாரி பிடித்தால் 400 ரிங்கிட். துணிக்கடை தனியாகப் பிடித்தால் 350 ரிங்கிட். இருவரும் ஒரே லாரியில் ஏற்றினால் 500 ரிங்கிட். சேர்ந்தால் 250 ரிங்கிட் மிச்சம். இனி 500-ஐ எப்படிப் பிரிப்பது?

‘எடைப்படி பிரிப்போம், அதுதான் நியாயம்’ என்று ஒருவர் சொல்வார். அரிசி மூட்டை பத்தில் ஒன்பது பங்கு எடை, துணி ஒரு பங்கு. அப்படியானால் மளிகைக் கடை 450, துணிக்கடை 50. ஆனால் மளிகைக் கடைக்காரர் தனியாக வந்திருந்தால் 400-தானே? கூட்டில் சேர்ந்ததால் 50 ரிங்கிட் அதிகம் கொடுக்கிறார். அடுத்த மாதம் அவர் வரமாட்டார். கூட்டு உடையும்; துணிக்கடைக்காரரும் மறுபடி 350 கொடுப்பார். நியாயம் போலத் தெரிந்த கணக்கு இருவரையும் நட்டத்தில் விட்டது.

மிச்சமான 250-ஐச் சமமாகப் பிரித்தால் மளிகைக் கடை 275, துணிக்கடை 225. இருவருக்கும் தனியாகப் போவதைவிடக் குறைவு. இருவரும் அடுத்த மாதமும் வருவார்கள். லாயிட் ஷாப்லி என்ற கணிதவியலாளர் 1953-இல் இத்தகைய பங்கீட்டுக்கு ஒரு பொது விதி சொன்னார். 2012-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. கூட்டாளிகள் மூவர், நால்வர் என்று கூடும்போது கணக்கு சிக்கலாகும், வேறு வேறு விதிகள் வேறு வேறு விடை தரும். அந்தப் பல விதிகளை ஒரே சட்டகத்துக்குள் வைத்துப் பார்க்க முயன்றதே பாலச்சந்திரன், ராமகிருஷ்ணன் இருவரின் கட்டுரை.

அதே இருவர் 1987-இல் தணிக்கை நிறுவனங்களைப் பற்றி எழுதினார்கள். தணிக்கையாளர்கள் ஏன் கூட்டாளிகளாகச் சேர்ந்து தொழில் செய்கிறார்கள், நிறுவனத்தின் அளவுக்கும் அது வாங்கும் கட்டணத்துக்கும் என்ன தொடர்பு என்பது அதன் பொருள். ஒருவர் தவறினால் அதன் பாரம் மற்றவர்மீதும் விழும் என்ற நிலையில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் கவனிக்கக் காரணம் இருக்கிறது. நம் சங்கங்களில் உட்கணக்காய்வாளர் இருவரை வைக்கும் வழக்கத்தை நினைத்துக்கொண்டால் இதன் பொருள் எளிதில் விளங்கும்.

மரம் கணக்கில் ஏறிய கதை

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். ஆராய்ச்சியும் வாதமும் சேர்ந்தால் உலகக் கணக்கு விதியையே மாற்றலாம் என்பதற்கு மலேசியாவின் தோட்டங்களே சான்று.

நம் நாட்டில் கணக்காளர் சட்டம் 1967-இல் வந்தது. அதன்கீழ் மலேசியக் கணக்காளர் கழகம் அமைந்தது. 1997-இல் நிதி அறிக்கைச் சட்டம் வந்து, மலேசியக் கணக்கியல் தர வாரியம் உருவானது. 2012 ஜனவரி முதல் நாள் தொடங்கிப் பெரிய நிறுவனங்கள் அனைத்துலகத் தரத்துக்கு இணையான விதிகளைப் பின்பற்றவேண்டும் என்றானபோது தோட்ட நிறுவனங்களுக்கு ஒரு சிக்கல். விவசாயம் பற்றிய அனைத்துலக விதியான 41-ஆம் எண் தரம், செம்பனை மரத்தையும் ரப்பர் மரத்தையும் ஆண்டுதோறும் சந்தை மதிப்பில் காட்டச் சொன்னது. மதிப்பு ஏறினால் அது லாபம், இறங்கினால் நட்டம்.

செம்பனை எண்ணெய் விலை ஏறிய ஆண்டில் நிறுவனத்தின் ஏட்டில் பெரிய லாபம் நிற்கும். கையில் ஒரு காசு கூடியிருக்காது. தோட்டத்து மரத்தை வெட்டி விற்க யாரும் நடுவதில்லை. ஏறத்தாழ 25 ஆண்டுகள் அது காய் தருகிறது. தொழிற்சாலையில் இயந்திரம் நிற்பதைப் போல நிற்கிறது. இயந்திரத்துக்கு வாங்கிய விலையை எழுதி ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கிறோம். மரத்துக்கு மட்டும் ஏன் வேறு விதி? இந்த வாதத்தை மலேசிய வாரியம் முன்வைத்தது. 2009-இல் கோலாலம்பூரில் தன் முதல் கூட்டத்தை நடத்திய ஆசிய ஓசியானியத் தர வகுப்போர் குழுவும் சேர்ந்து குரல் கொடுத்தது. விதி தீரும்வரை தோட்ட நிறுவனங்களுக்கு நம் நாட்டில் அவகாசம் தரப்பட்டது. 2014 ஜூனில் அனைத்துலக வாரியம் விதியைத் திருத்தியது. 2016 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. பலன் தரும் மரம் இயந்திரத்தோடு சேர்ந்தது; மரத்தில் விளையும் காய் மட்டும் சந்தை மதிப்பில் நின்றது.

1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய தோட்டத் தொழில் லண்டன் கணக்கு விதியைத் திருத்தும் அளவுக்கு வளர்ந்ததில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மரத்தை எப்படி மதிப்பிடுவது என்று பல நாட்டு அறிஞர்கள் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். அந்த மரத்தை நட்டு, வெட்டி, வளர்த்த மூன்று தலைமுறைத் தொழிலாளர்கள் ஏட்டில் இன்றும் ‘செலவு’ என்ற வரியில்தான் இருக்கிறார்கள்.

கணக்கு யாருக்காக?

இந்தக் கேள்வியை நம் நாட்டிலேயே ஒரு கணக்கியல் அறிஞர் கேட்டிருக்கிறார். மலேசிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கற்பித்த முனைவர் ஷாகுல் ஹமீது முகமது இப்ராஹிம், ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் 2000-இல் முடித்த ஆய்வில், இஸ்லாமியக் கணக்கியல் ஏன் தேவை, அதன் நோக்கமும் தன்மையும் எவை என்று ஆராய்ந்தார். மலேசிய முஸ்லிம் கணக்காளர்களிடமும் கணக்கியல் ஆசிரியர்களிடமும் கருத்துக் கேட்டு எழுதினார். வழக்கமான நிதி அறிக்கை முதலில் பங்குதாரருக்காகவும் கடன் கொடுத்தவருக்காகவும் எழுதப்படுகிறது. முஸ்லிமின் பார்வையில் சொத்து அல்லாஹ் கொடுத்த அமானிதம். அப்படியானால் பதில் சொல்லவேண்டிய இடம் இன்னும் பெரியது என்பதே அத்தகைய ஆய்வுகளின் அடிப்படை.

அவரும் உடன் ஆய்வாளர்களும் பின்னர் இஸ்லாமிய வங்கிகளை அளந்து பார்க்கச் சில அளவுகோல்களை முன்வைத்தார்கள். ஜகாத் எவ்வளவு, லாபப் பங்கீட்டு முறையில் கொடுத்த முதல் எவ்வளவு, வருமானம் யார் யாருக்குப் பிரிந்தது என்பவை அவற்றில் உண்டு. நம் கண்ணில் பட்ட ஒன்று, இயக்குநர்களுக்குக் கொடுத்த ஊதியத்தையும் ஊழியர் நலனுக்குச் செலவிட்டதையும் ஒப்பிட்டுக் காட்டும் விகிதம். ‘கூலிச் செலவு’ என்ற ஒற்றை வரியைத் திறந்து, உள்ளே யாருக்கு எவ்வளவு போனது என்று கேட்கும் அளவுகோல் அது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

உலக அளவிலும் இந்த முயற்சி நடந்துவருகிறது. இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல், தணிக்கை விதிகளை வகுக்கும் அமைப்பு 1990-இல் ஒப்பந்தமாகி 1991-இல் பஹ்ரைனில் பதிவானது.

நம் பொருளாளர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும்

இதையெல்லாம் ஒரு சங்கத்தின் மலரில் எழுதக் காரணம் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கைப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். நம்மைப் போன்ற எல்லாச் சங்கங்களுக்கும் அது கட்டாயம். அதைச் செய்வது சட்டத்துக்கு. சந்தா கொடுத்த உறுப்பினர், கல்வி நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்த தாய், ஜனாஸா நிதிக்கு மாதம் இரண்டு வெள்ளி கொடுத்த கடைப் பையன் ஆகியோருக்குப் பதில் சொல்வது அமானிதத்துக்கு. 555 புத்தகத்தின் இரண்டாம் பிரதியைப் போல, கொடுத்தவர் கையிலும் கணக்கு இருக்கவேண்டும். அவர் படிக்கும் மொழியில் இருக்கவேண்டும்.

கந்தூரிச் செலவையோ மண்டபப் பழுதுபார்ப்பையோ ஊர்வாரியாகப் பங்கிடும்போது லாரி எடுத்துக்காட்டை நினைவில் வைக்கலாம். தனியாக நின்றால் குறைவாகச் செலவாகியிருக்கும் என்று ஒரு கிளைக்குத் தோன்றும்படி பங்கிட்டால் அந்தக் கிளை மெல்ல விலகும். ஜாசினும் அலோர் காஜாவும் மஸ்ஜித் தானாவும் பட்டணத்தோடு சேர்ந்து நிற்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

மூத்தவர்களின் கடைகளிலும் வீடுகளிலும் பழைய பேரேடுகள், சந்தா ரசீதுகள், 555 புத்தகங்கள், தோட்டச் சம்பளச் சீட்டுகள் இன்னும் இருக்கின்றன. கரையான் அரிக்குமுன் அவற்றைச் சங்கத்தில் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பெகு கப்பலின் கணக்கு 500 ஆண்டு கழித்தும் ஒரு தமிழ் வணிகரின் பங்கைச் சொல்கிறது என்றால், யாரோ ஒருவர் அந்த ஏட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான். நம் தோட்டங்கள் போய்விட்டன. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர் எழுத்தில் இருப்பது இந்தத் தாள்களில் மட்டுமே.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. டாக்டர், வழக்கறிஞர் என்று மட்டும் கனவு காணவேண்டாம். கணக்கியல் படியுங்கள். தணிக்கையாளராகுங்கள். முடிந்தவர்கள் அதற்கும் மேலே போய் ஆய்வு செய்யுங்கள். புதுவயல் மாணவர் ஒருவர் புள்ளியியல் படித்து உலகப் பேராசிரியரானார் என்றால், மலாக்கா மாணவருக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. ஏட்டில் விடுபட்டவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை வரவில்லை. அந்த விடையை எழுதும் பேராசிரியர் நம் சங்கத்தின் கல்வி நிதியில் படித்த ஒரு பிள்ளையாக இருக்கட்டும் என்று துஆச் செய்கிறோம்.

ஐம்பது ஆண்டுகள் சங்கத்தின் கணக்கைச் சுமந்த பொருளாளர்கள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.